இராகு காலமும் சுவர்க் கடிகாரமும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் மொரிஷியஸில் ரோஸ்ஹில் பகுதியில் வசிக்கிறோம். சென்னையில் அச்சான தினசரிக் காலண்டரைப் பார்த்தே வீட்டில் நல்ல நேரம் குறிப்பது வழக்கம். சென்ற டிசம்பர் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராகு காலம் 6 மணியோடு முடிந்துவிடும் என்று சொல்லி, அதன்பின் நிச்சயதார்த்தத் தட்டு மாற்றப் பெரியவர்கள் நேரம் வைத்தார்கள். என் மகனோ கைபேசியில் பார்த்துவிட்டு, இங்கே அது 6.45க்கு மேலும் நீடிக்கிறது என்றான். எது சரி? கடிகாரமே இல்லாத காலத்தில் இதை எப்படிக் கணக்கிட்டார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகன் சொன்னதே சரி. சூரியன் உதித்து மறையும் வரையிலான பகலை எட்டாகப் பகுத்து, கிழமைக்கு ஒரு பகுதியை இராகுவுக்கு ஒதுக்குவதுதான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது எட்டாவது, அதாவது கடைசிப் பகுதி. காலையில் 6 மணிக்கு உதயம், மாலையில் 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பகுதி ஒன்றரை மணி நேரம் ஆகும். காலண்டரில் காணும் 4.30 முதல் 6 வரை என்பது அப்படி வந்தது. தமிழ்நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் அங்கே இதனால் பெரிய பிழை நேர்வதில்லை. நாமோ தெற்கே 20 பாகையில், பருவங்கள் தலைகீழாக மாறிய ஊரில் இருக்கிறோம். டிசம்பர் இறுதியில் நம் தலைநகர் போர்ட் லூயிஸில் ஏறத்தாழ 5.28க்கு உதயம், 6.48க்கு அஸ்தமனம், எட்டில் ஒரு பங்கு 1 மணி 40 நிமிடம். ஆகவே ஞாயிறு இராகு காலம் 5.08க்குத் தொடங்கி, சூரியன் மறையும் 6.48க்குத்தான் முடிகிறது. 6 மணிக்குத் தட்டு மாற்றியிருந்தால் அது இராகு காலத்தின் நடுவில் அமைந்திருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குக் காலக்கருவிகளின் வரலாற்றுக்குள் போக வேண்டும். பொழுதை அளக்க மனிதர் இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். ஒன்று, பகல் நீண்டாலும் குறைந்தாலும் அதை இத்தனை பங்கு என்று பகுப்பது. எகிப்தியர் பகலைப் பன்னிரண்டாகவும் இரவைப் பன்னிரண்டாகவும் பகுத்தபோது, அவர்களுடைய மணி கோடையில் நீண்டது, குளிரில் சுருங்கியது. கர்னாக்கில் கிடைத்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் மூன்றாம் அமென்ஹோதெப் காலத்து நீர்க்கடிகாரத்தின் உட்புறத்தில் மாதத்துக்கு ஒன்றாகத் தனித்தனி அளவுக் குறிகள் இருப்பது இதனால்தான். மற்றொன்று, எந்நாளும் மாறாத அளவு. அடியில் நுண்ணிய துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால், அது நிறைந்து மூழ்கும் நேரம் கோடைக்கும் குளிருக்கும் மாறுவதில்லை. நம் நாழிகை இவ்வகையைச் சேர்ந்தது; ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒவ்வொன்றும் 24 நிமிடம். ‘குறுநீர்க் கன்னல்’ என்னும் நீர்க்கடிகாரம் காட்டும் பொழுதை அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் முல்லைப்பாட்டிலேயே வருகிறார்கள்.

நம் முன்னோர் இரண்டையும் கைவிடாமல் இணைத்து வைத்திருந்தார்கள் என்பதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பஞ்சாங்கத்தில் ‘அகசு’ என்று குறிக்கப்படுவது அந்தந்த நாளின் பகற்பொழுது எத்தனை நாழிகை என்னும் கணக்கு. மாறாத நாழிகையால் மாறும் பகலை அளந்து, எட்டால் வகுத்தால் இராகு காலத்தின் அளவு கிடைத்துவிடும்.

பின்னர் வந்த இயந்திரக் கடிகாரம் இந்த இணைப்பைத் தளர்த்தியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தோன்றிய, எடைக்கல்லால் ஓடும் பற்சக்கரங்களுக்குச் சம அளவில் நகர்வதே எளிது. அடுத்த நூற்றாண்டில் அங்கே நகரங்கள் சம மணிக்கு மாறத் தொடங்கின. 1656இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசலைப் பொருத்தியதும், நாளுக்குக் கால் மணி நேரம் வரை இருந்த கடிகாரத்தின் பிழை ஒரு நிமிடத்துக்குள் அடங்கியது. ஆனால் ஜப்பானியர் செய்ததை நாம் அறிந்திருக்க வேண்டும். பகலுக்கு ஆறு, இரவுக்கு ஆறு என்ற தங்கள் பொழுதுகளை அவர்கள் விடவில்லை. ஐரோப்பியக் கடிகாரத்தையே அதற்கேற்பத் திருத்தினார்கள். ஆடும் தண்டில் தொங்கும் சிறு எடைகளைப் பருவத்துக்கேற்ப நகர்த்தி, கடிகாரம் ஓடும் வேகத்தை மாற்றினார்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரட்டைத் தண்டுகளும் வைத்தார்கள். 1873இல் அரசு சம மணிக்கு மாறும்வரை அக்கடிகாரங்கள் புழக்கத்தில் இருந்தன.

நம் மொரிஷியஸின் கடிகாரமும் ஓர் ஏற்பாடுதான். கிரீன்விச்சுக்கு 4 மணி நேரம் முன்னே வைத்திருக்கிறோம். போர்ட் லூயிஸில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.10க்கு. கிழக்கே உள்ள ரொட்ரிகஸ் தீவிலும் அதே மணிதான், ஆனால் அங்கே பொழுது ஏறக்குறைய ஒரு நாழிகை முன்னதாகவே விடிந்துவிடும். 2008 அக்டோபரில் தொடங்கி 2009 மார்ச் வரை கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்தபோது, காலண்டரைப் பார்த்து நேரம் குறித்தவர்கள் இன்னும் அதிகமாக விலகிப் போனார்கள்.

திதியும் நட்சத்திரமும் முடியும் கணம் உலகெங்கும் ஒன்றே. இந்திய நேரத்திலிருந்து ஒன்றரை மணியைக் கழித்தால் போதும். இராகு காலத்தை அப்படிக் கழித்துப் பெற முடியாது. உள்ளூர் உதயத்தையும் அஸ்தமனத்தையும் கொண்டு புதிதாகத்தான் வகுக்க வேண்டும். இதைக் கடைப்பிடிப்பதும் விடுவதும் அவரவர் நம்பிக்கை. கடைப்பிடிப்பவர்கள் அதன் கணக்கையும் சேர்த்தே கடைப்பிடிப்பது முறை. வரும் ஜூன் இறுதியில் இங்கே பகல் 11 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, உதயம் 6.44 அளவில். எனவே இரண்டாம் பகுதியாகிய திங்கள் இராகு காலத்தை 7.30 முதல் 9 என்று கொள்ளாமல், 8.06 முதல் 9.28 வரை என்று குறித்துக்கொள்ளுங்கள்.