சம்பளம் இஸ்தான்புல்லில், பதக்கம் செர்பியாவுக்கு

கேள்வி: செர்பிய வாலிபால் நட்சத்திரம் தியானா போஷ்கோவிச் 18 வயதிலேயே துருக்கி கிளப்புக்குப் போய்விட்டார். பத்து வருஷமாக அங்கேதான் ஆடுகிறார். சொந்த நாட்டு லீக்கை உதறிவிட்டுக் காசு கொடுக்கிற இடத்தில் ஆடுகிறவரைத் தேச நாயகி என்று கொண்டாடுவது வேடிக்கையாக இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: வேடிக்கைதான். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

அவர் பிறந்ததே செர்பியாவில் அல்ல. 1997இல் போஸ்னியா-ஹெர்ஸகோவினாவின் தெற்கே பிலேச்சா என்கிற சிற்றூரில், செர்பியக் குடும்பத்தில் பிறந்தவர். அக்கா தயானாவும் வாலிபால் வீராங்கனை. தங்கச்சி தியானா 14 வயதில், ஊரில் ஆடியது போதாமல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்கு வந்து பார்ட்டிசான் விசுரா கிளப்பில் சேர்ந்தார். ஆக, வீட்டை விட்டு வந்ததைக் குற்றம் என்று எழுதுவதானால் துருக்கியிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. அந்தப் பெல்கிரேடு பயணத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

உதறிவிட்டுப் போனார் என்கிறீர்களே, எதை? செர்பியாவின் மக்கள்தொகை சுமார் 66 லட்சம். அந்த ஊர் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரர்களை உருவாக்குவதில் மன்னர்கள். உருவானவர்களை வைத்துச் சம்பளம் கொடுக்க அங்குள்ள கிளப்புகளுக்கு வழியில்லை. துருக்கியில் கதை வேறு. அங்கே பெண்கள் வாலிபால் பெரிய கம்பெனிகளின் சொத்து. 2015இல் போஷ்கோவிச்சை வாங்கிய இஸ்தான்புல் கிளப் எஜாஜிபாஷியின் முதலாளி, மருந்துத் தொழிலில் வளர்ந்த குழுமம். அணியின் பெயரோடு அப்போது ஒட்டியிருந்த 'வித்ரா' அவர்களுடைய குளியலறைச் சாமான் பிராண்ட். வாஷ்பேசினும் டைல்ஸும் விற்ற காசில் உலகத்தரமான அணி ஓடியது. அந்த அணியில் தினசரி பயிற்சியிலேயே எதிரே உலகத்தரமான பிளாக் (அடிக்கிற பந்தை வலையோரம் குதித்துக் கையால் மறிப்பது) எழும்பும். பெல்கிரேடில் அது எப்படிக் கிடைக்கும்?

பலன் யாருக்குப் போனது என்று பாருங்கள். இஸ்தான்புல் போன அடுத்த வருஷமே, 19 வயதில், ரியோ ஒலிம்பிக்கில் செர்பியாவுக்கு வெள்ளி. 2017இல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். 2018இல் யோகோஹாமாவில் இத்தாலியை ஐந்து செட்டில் வீழ்த்தி உலக சாம்பியன்ஷிப், 2022இல் அபெல்டோர்னில் பிரேசிலை மூன்றே செட்டில் முடித்து இன்னொன்று. இரண்டு முறையும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். மாதக் கணக்கில் சம்பளம் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொண்டது துருக்கி கிளப். கோப்பையைத் தூக்கியது செர்பியா. இதில் யாராவது ஏமாந்திருந்தால் அது இஸ்தான்புல்லில் இருக்கிற கணக்குப்பிள்ளைதான்.

இன்னும் சந்தேகம் இருந்தால் 2019 ஐரோப்பிய இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கள். இடம் அங்காரா. எதிரணி துருக்கி. அரங்கம் முழுக்கச் சிவப்புச் சட்டை, காது கிழிகிற விசில். வலைக்கு அந்தப் பக்கம் லிபரோவாக, அதாவது பின்வரிசையில் பந்தை எடுக்கிற தடுப்பாட்டக்காரராக, நின்ற சிம்கே அகோஸ், கிளப்பில் போஷ்கோவிச்சின் சகா. சோறு போடுகிற நாட்டின் தலைநகரில், அந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், செர்பியா 3-2 என்று ஜெயித்தது. தேசப்பற்றுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் இதைவிடத் தெளிவாக யார் கொடுப்பார்கள்?

அவர் பந்தடிக்கிற கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 193 செ.மீ. உயரம், இடது கை. ஆடுவது செட்டருக்கு (அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) நேர் எதிர் இடமான ஆப்போசிட்டில், பெரும்பாலும் வலையின் வலது ஓரத்தில். செட்டர் அங்கே பந்தைப் போடும்போது வலது கைக்காரருக்குப் பந்து உடம்பைத் தாண்டி அந்தப் பக்கம் வர வேண்டும். இடது கைக்காரருக்கு வருகிற வழியிலேயே கை தயாராக இருக்கும். நொடியில் ஒரு துளி மிச்சம். அந்தத் துளிதான் பிளாக் மூடுவதற்கு முன் கிடைக்கிற சந்து. எதிரணி சர்வை எடுக்கிற ரிசீவ் கெட்டு, வேறு யாருக்கும் கொடுக்க முடியாத பந்தெல்லாம் கடைசியில் உயரமாக அவர் தலைக்கு மேல்தான் வந்து நிற்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தென்கொரியாவை 25-18, 25-15, 25-15 என்று செர்பியா வென்றது. அந்த 75 புள்ளிகளில் 33 அவருடையது. எனக்குச் செர்பியா மீது ஒரு புகார் உண்டென்றால் அது இதுதான்: ஒரே தோளில் இவ்வளவு பாரம் ஏற்றலாமா? குளிர்காலம் முழுக்கக் கிளப், வெயில்காலம் முழுக்கத் தேச அணி என்று வருஷம் ஓடுகிறது. தேச அணிகள் வருஷாவருஷம் ஆடுகிற நேஷன்ஸ் லீக் ஆட்டங்களில் அவருக்கு அவ்வப்போது ஓய்வு கொடுக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.

தேசம் பற்றிக் கேட்டதால் இன்னொன்று. 2022இல் செர்பியாவை உலக சாம்பியன் ஆக்கிய பயிற்சியாளர் தானியேலே சாந்தரெல்லி, இத்தாலிக்காரர். மறுவருஷம் அவர் துருக்கி அணிக்குப் போனார். துருக்கியைப் பல வருஷம் பயிற்றுவித்த ஜொவான்னி குயிதெத்தி, அவரும் இத்தாலிக்காரர், செர்பியாவுக்கு வந்தார். 2023இல் பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பிய இறுதியில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். கியூபாவில் பிறந்து துருக்கிக் குடியுரிமை பெற்ற மெலிசா வார்காஸ் அடித்து நொறுக்க, துருக்கி 3-2 என்று ஜெயித்தது. அந்த மைதானத்தில் உங்கள் அளவுகோலை வைத்தால் தேச விசுவாசத்தில் தேறுகிற முதல் ஆள் போஷ்கோவிச்சாகத்தான் இருப்பார்.

காசுக்காகப் போனவர் என்கிறீர்களே, பத்து சீசன் எஜாஜிபாஷியில் ஆடியும் ஒரு முறைகூட துருக்கி லீக் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. 2016இல் மணிலாவில் கிளப் உலக சாம்பியன்ஷிப் வந்தது, துருக்கிக் கோப்பை வந்தது, லீக் மட்டும் வரவே இல்லை. பட்டமெல்லாம் அதே இஸ்தான்புல்லில் இருந்த போட்டி கிளப்புகளான வாகிஃப்பேங்குக்கும் ஃபெனர்பாச்சேவுக்கும் போய்க்கொண்டிருந்தன. 2023இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் தோற்றதும் அதே வாகிஃப்பேங்கிடம். அப்படியும் பத்து வருஷம் நகராமல் இருந்தவர், 2025இல்தான் கிளம்பினார். போனது எங்கே? அதே வாகிஃப்பேங்குக்கு!

விசுவாசம் பற்றிக் கோபப்பட உரிமையுள்ளவர்கள் எஜாஜிபாஷி ரசிகர்கள். நீங்கள் அவர்கள் சார்பில் எழுதியிருந்தால் எனக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் சிரமமாக இருந்திருக்கும்.