6 லட்சம் டெபாசிட்டை உடைத்து கியர்பாக்ஸ் மாற்றலாமா?

கேள்வி: எனக்கு ஊர் போடிநாயக்கனூர். பூப்பாறைப் பக்கம் 4 ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. போய்வர டீசல் பிக்கப், ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். 1.6 லட்சம் கி.மீ. ஓடிவிட்டது. இரண்டு மாதமாக போடிமெட்டு ஏற்றத்தில் என்ஜின் உறுமுகிறதே தவிர வண்டி இழுப்பதில்லை. கியர் ஆயில் கறுத்து, கருகல் வாடை அடிக்கிறது, அடிச்சட்டியில் இரும்புத்தூள். கியர்பாக்ஸை மாற்றத்தான் வேண்டுமாம். கம்பெனிப் புதுசு 5.60 லட்சம். கோவையில் ரீகண்டிஷன் 2.40 லட்சம், ஒரு வருட வாரண்டி. விபத்து வண்டியில் கழற்றிய பழையது 1.30 லட்சம். எல்லாமே கூலியோடு. மகள் படிப்புக்காக என் பெயரில் 6 லட்சம் டெபாசிட் உண்டு, வட்டி 7%. அதை உடைத்துப் புதுசே போடலாமா, வண்டியையே தள்ளிவிடலாமா? ஓடும் நிலையில் 12 லட்சம், இப்படியே என்றால் 8 லட்சம் என்கிறார் புரோக்கர். இன்னும் மூன்று வருடம் ஓட்ட நினைத்திருந்தேன்.

பதில்: ரீகண்டிஷன் போடுங்கள். டெபாசிட்டை உடைக்க வேண்டாம்.

புரோக்கர் சொன்ன இரண்டு விலையிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. பழுதோடு விற்றால் 4 லட்சம் குறைகிறது. ரீகண்டிஷன் செலவு அதற்குள் அடங்கும், புதுசு அடங்காது. அதாவது நாளைக்கே விற்பதாக இருந்தாலும் ரீகண்டிஷன் போட்டு விற்பதுதான் லாபம். வாங்க வருபவர் பேரம் பேசி 50,000 குறைத்தாலும் கணக்கு மாறாது. மூன்று வருடம் ஓட்டினால், கீழே சொல்லும் கூலர் செலவோடு 2.65 லட்சம் என்று வைத்தாலும் மாதத்துக்கு 7,400 ரூபாய்க்குள் வரும். புதுசுக்கு 15,500-க்கு மேல்.

1.30 லட்சம் ஆசை காட்டும். ஆனால் டீசல் பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் நம் நாட்டில் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்று வெகு சிலதான். அதனால் பழைய கியர்பாக்ஸ் பெட்டி கிடைப்பதே அரிது, கிடைத்ததும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, வெள்ளத்தில் நின்றதா என்று யாருக்கும் தெரியாது. டூ வீல் டிரைவ் வண்டியின் பெட்டி உங்களுக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஆறே மாதத்தில் படுத்துவிட்டால் கழற்றி மாட்டும் கூலியை இன்னொரு தடவை அழ வேண்டும்.

புதுசு போட்டால் தலைவலி விட்டது என்று நினைக்கிறீர்கள். பெட்டியைக் கெடுத்தது எது என்று பாருங்கள். என்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். லோடோடு மெதுவாக மலை ஏறும்போது அது வழுக்கி வழுக்கித்தான் இழுக்கும். அந்த வழுக்கல் முழுக்க ஆயிலில் சூடாக இறங்குகிறது. சூட்டில் ஆயில் கெட்டு, உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் கருகுகின்றன. 50 கிலோ உர மூட்டை 20 ஏற்றினால் ஒரு டன். ஆர்.சி.யில் மொத்த எடையையும் வெறும் வண்டி எடையையும் கழித்துப் பாருங்கள், ஆட்களையும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். அதே லோடு, அதே கொண்டை ஊசி வளைவுகள், கியர் ஆயிலைக் குளிர்விக்கும் அதே பழைய கூலர் என்றால் 5.60 லட்சமும் அதே வழியில்தான் போகும். அதனால் 25,000 ரூபாயைக் கூலருக்கு ஒதுக்குங்கள். இரும்புத்தூள் கூலரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். கூலரை மாற்றாமல், குழாய்களைக் கழுவாமல் மாட்டினால் எந்தப் பெட்டியும் நிற்காது.

கோவைக்காரரிடம் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். டார்க் கன்வெர்ட்டர் விலையில் சேர்ந்ததா? வாரண்டி பாகத்துக்கு மட்டுமா, கூலிக்குமா? மலைப்பாதை, லோடு என்று சொல்லிக் கை கழுவ இடமிருக்கிறதா? சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பர் பார்த்தார்களா? உங்கள் பழைய பெட்டியைக் கொடுப்பதற்கு விலையில் எவ்வளவு கழித்தார்கள்? ஜி.எஸ்.டி. பில் கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரி பாகங்களுக்கு 28% போய் 18% ஆகிவிட்டது, அதைக் கொட்டேஷனில் பாருங்கள். ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கும்வரை கொஞ்சம் பணத்தை நிறுத்தி வையுங்கள். வண்டியை அங்கே கட்டி இழுத்துப் போகாதீர்கள், பிளாட்பெட் லாரியில் ஏற்றுங்கள்.

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். தேய்மானப் பழுதுக்குச் சாதாரண பாலிசி தராது.

சரி, பணம்? டெபாசிட்டை உடைத்தால் வட்டி விகிதமும் குறையும், அபராதமும் பிடிப்பார்கள். அதன் பேரிலேயே கடன் கேளுங்கள். பெரும்பாலான வங்கிகள் டெபாசிட்டில் 90% வரை, அதன் வட்டிக்கு மேல் 1 அல்லது 2 சதவீதத்தில் தருகின்றன. எட்டு மாதத்தில் அடைப்பதாக வைத்தால், 8% வட்டியில் 2.70 லட்சத்துக்கு 14,400 ரூபாய். அதே காலத்தில் அந்த 2.70 லட்சம் உங்களுக்கு 12,600 சம்பாதித்துத் தருகிறது. நிகரச் செலவு 1,800தான். நகையை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஓவர்டிராஃப்டாக வாங்கினால் ஒவ்வொரு ஏலக்காய் எடுப்புக் காசும் வர வர அடைக்கலாம், வட்டி இன்னும் குறையும்.

என் பதில் ஒரே ஒரு இடத்தில் மாறும். கூலியும் சேர்த்து வாரண்டியை எழுதித் தர ஆளே கிடைக்கவில்லை என்றால், 8 லட்சத்துக்கே கொடுத்துவிட்டு மேனுவல் வண்டி பாருங்கள்.