'மனிதத் தாக்கம்' என்று எழுதிவிட்டால் ஆய்வுக் கேள்வி ஆகிவிடுமா?

கேள்வி: சென்னையில் எம்.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். டிசம்பரிலிருந்து மே வரை ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். 'பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் பல்லுயிர் வளத்தில் மனிதச் செயல்பாடுகளின் தாக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன். "இது தலைப்பு, கேள்வி எங்கே?" என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு பைனாகுலரும் ஒரு ஸ்கூட்டரும் இருக்கின்றன. கல்லூரி ஆய்வகத்தில் அடிப்படை நீர்ப் பரிசோதனை செய்யலாம். நல்ல ஆய்வுக் கேள்வியை எப்படி உருவாக்குவது?

பதில்: உங்கள் கைடு சொன்னது சரி. ஆனால் அவர் நிறுத்திய இடத்திலிருந்துதான் உங்களுக்கு உதவி வேண்டும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் தலைப்பில் 'மனிதச் செயல்பாடு' என்ற சொல்லுக்குள் எத்தனை விஷயங்கள் அடைந்து கிடக்கின்றன என்று பாருங்கள். பெருங்குடிக் குப்பைமேடு, வேளச்சேரிப் பக்கத்திலிருந்து வரும் கழிவுநீர், சதுப்பைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலை, ஓ.எம்.ஆர். கட்டடங்கள், ஆகாயத்தாமரை, யாரோ கொண்டுவந்து விட்ட ஜிலேபி மீன், தெருநாய்கள். 'பல்லுயிர் வளம்' என்பதும் அப்படித்தான்: பூநாரையும் அதில் உண்டு, நீர்ப்பாசியும் உண்டு. இத்தனையையும் ஆறு மாதத்தில் ஒருவர் அளக்க முடியாது. அளக்க முயன்றால் என்ன ஆகும்? பறவைப் பட்டியல் ஒன்று, நீர்ப் பரிசோதனை அட்டவணை ஒன்று, கடைசியில் "பாதுகாக்க வேண்டும்" என்று ஒரு பத்தி. இப்படிப்பட்ட ப்ராஜெக்டுகள் நம் கல்லூரி நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அட்டவணைக்கும் பட்டியலுக்கும் இடையில் என்ன உறவு என்று அவற்றில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி என்பதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும். மனிதர் செய்த எந்த ஒரு செயல்? எந்த உயிரினத்தின் எந்த அளவு? எதோடு ஒப்பிட்டு? முதல் இரண்டையும் மாணவர்கள் எப்படியோ பிடித்துவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன, அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

அதற்கு முன், கூர்மையான கேள்வி என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிஜக் கதை. தொண்ணூறுகளில் இந்தியாவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போயின. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் இதைக் கவனித்து 1999-இல் பதிவு செய்தார். "கழுகுகள் ஏன் குறைகின்றன?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். நோய்க்கிருமி என்றார்கள், பூச்சிக்கொல்லி என்றார்கள், இரை குறைந்துவிட்டது என்றார்கள். எல்லாமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தன. பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் கேள்வியைச் சுருக்கினார்கள். இறந்த கழுகுகள் பலவற்றின் உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. இந்தப் படிவு உள்ள கழுகுகளில் காணப்பட்டு, படிவு இல்லாத கழுகுகளில் காணப்படாத பொருள் எது என்று தேடினார்கள். மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்டுவந்த டைக்ளோஃபெனாக் அகப்பட்டது. படிவு இருந்த 25 கழுகுகளின் சிறுநீரகத்திலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 கழுகுகளில் ஒன்றில்கூட இல்லை. பிறகு வளர்ப்புக் கழுகுகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். ஆய்வு 2004-இல் வெளியானது. 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவது தடை செய்யப்பட்டது. நம் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று கொஞ்சநஞ்சம் பாறுகள் எஞ்சியிருப்பதற்குப் பின்னால் அந்தத் தடைக்கும் பங்கு உண்டு.

அந்த 25 கழுகுகளைவிட அந்த 13 கழுகுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அவை இல்லாவிட்டால், எல்லாக் கழுகின் உடம்பிலும் அந்த மருந்து இருந்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் பதில் இருந்திருக்காது. உங்கள் ஆய்வில் அந்த 13 எது?

பள்ளிக்கரணைக்கு வருவோம். ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சதுப்பு இது, சுமார் 1,248 ஹெக்டேர். இங்கே ஒப்பீடு செய்வதில் முதல் சிக்கல், மனிதர் கை படாத சதுப்பு என்று சென்னையில் எதுவும் இல்லை என்பது. பெரும்பாக்கம் ஏரியை 'நல்ல ஏரி' என்று வைத்து ஒப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் அதன் ஆழம் வேறு, பரப்பு வேறு, நீர் வரத்து வேறு. வித்தியாசம் தெரிந்தாலும் அது எதனால் என்று சொல்ல முடியாது. அதனால் சதுப்புக்குள்ளேயே தொலைவை வைத்து ஒப்பிடுங்கள். குப்பைமேட்டின் விளிம்பில் தொடங்கி விலகிப் போகப் போக எது மாறுகிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது சிக்கல் காலம். நீங்கள் டிசம்பரில் தொடங்குகிறீர்கள். வடகிழக்குப் பருவமழை முடியும் நேரம், சதுப்பு நிறைந்திருக்கும். மே மாதத்துக்குள் நீர் வற்றிக்கொண்டே வரும். வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். ஆகவே டிசம்பரையும் மே மாதத்தையும் ஒப்பிட்டு "எண்ணிக்கை குறைந்துவிட்டது" என்று எழுதினால், நீங்கள் அளந்தது பருவகாலத்தைத்தான். மாதங்களை ஒப்பிட வேண்டாம். ஒரே வாரத்தில் இடங்களை ஒப்பிடுங்கள், அதையே மாதாமாதம் திரும்பச் செய்யுங்கள்.

பறவைகளை எண்ணலாமா என்று கேட்பீர்கள். பைனாகுலர் இருக்கிறதே! எண்ணலாம், ஆனால் பறவை எண்ணிக்கை கூடினால் சதுப்பு நன்றாக இருக்கிறது என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். குப்பைமேட்டருகே கள்ளப்பருந்தும் உண்ணிக்கொக்கும் காக்கையும் ஏராளமாக இருக்கும். குப்பை அவற்றுக்குச் சோறு போடுகிறது. தாக்கம் என்றாலே குறைவது என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களை இந்தப் பறவைகள் குழப்பிவிடும். அதேபோல் உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) நிற்பதற்குச் சில சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரும் சேறும் வேண்டும். மழை குறைந்த ஆண்டில் சேற்றுத்திட்டு கூடி, உள்ளான் கூட்டமும் கூடியதாகத் தெரியலாம். நீர் ஆழத்தை அளக்காத நீர்ப்பறவைக் கணக்கை நான் பெரிதாக நம்புவதில்லை. அளவு குறித்த ஒரு மூங்கில் கழியும், கரையோரம் நிலையான சில அடையாளங்களும் போதும்.

பறவைகளையே எடுப்பதென்றால் ஆகாயத்தாமரையை வைத்து ஒரு நல்ல கேள்வி கேட்கலாம்: ஒரே ஆழமுள்ள நீர்த்திட்டுகளில், ஆகாயத்தாமரை மூடிய பரப்பு கூடும்போது, நடந்து மேயும் பறவைகளும் நீந்தி மேயும் பறவைகளும் ஒரே மாதிரி மாறுகின்றனவா? நீளவால் இலைக்கோழியும் தாழைக்கோழியும் செடிமேல் நடக்கும். நாமக்கோழிக்கும் வாத்துகளுக்கும் திறந்த நீர் வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும் என்பது என் ஊகம். பாதி மூடிய நீரில் இரண்டுமே நன்றாக இருந்தால் அந்த ஊகம் தவறு. இப்படித் தவறாவதற்கு இடம் வைத்திருக்கும் கேள்விதான் வேண்டும். எந்த விடை வந்தாலும் "ஆம், பாதிப்பு உள்ளது" என்று எழுத முடிகிற கேள்வியை ஓரம் வைத்துவிடுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது தட்டான் வழி. தட்டானின் இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள்தான். அங்கே பிற பூச்சிகளையும் கொசுப் புழுக்களையும் தின்று வளர்கிறது. தண்ணீர் கெட்டால் அது நேரடியாக அனுபவிக்கும். ஆனால் இங்கும் ஒரு பொறி இருக்கிறது. பறக்கும் தட்டானை எண்ணினால் போதாது. வலசைத் தட்டான் இந்தியப் பெருங்கடலையே தாண்டிப் போகிற பூச்சி. அது குப்பைமேட்டருகே பறந்தால், அங்கே பிறந்தது என்று பொருளில்லை. ஊசித்தட்டான்கள் அவ்வளவு தூரம் போவதில்லை, அவற்றைத் தனியாக எண்ணலாம். இன்னும் உறுதியான சாட்சி, நீரோரம் வளரும் சம்புக் கோரையின் தண்டுகளில் ஒட்டியிருக்கும் தோற்கூடு. இளம்பூச்சி நீரை விட்டு ஏறி, தோலை உரித்துப் பறந்ததன் தடயம் அது. தோற்கூடு இருந்தால் அந்த நீரில் ஒரு தட்டான் வளர்ந்து முடித்திருக்கிறது, அதில் வாதமில்லை.

ஆக, உங்கள் கேள்வி இப்படி ஆகலாம்: 'பெருங்குடிக் குப்பைமேட்டின் விளிம்பிலிருந்து தொலைவு கூடும்போது, சம்புக் கரைகளில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிடைக்கும் தட்டான் தோற்கூடுகளின் எண்ணிக்கை கூடுகிறதா? நீரின் கரைந்த ஆக்ஸிஜனும் அம்மோனியாவும் அந்த மாற்றத்தோடு சேர்ந்து மாறுகின்றனவா?' நீளமாக இருக்கிறது, பரவாயில்லை. தலைப்பில் வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளலாம்.

இதை அளக்கும்போது சில விஷயங்களில் கறாராக இருங்கள். கரைந்த ஆக்ஸிஜன் விடியற்காலையில் குறைவாகவும், பாசி வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்த பிறகு மதியம் அதிகமாகவும் இருக்கும். ஓரிடத்தில் காலை ஆறரைக்கும் இன்னோரிடத்தில் பதினொரு மணிக்கும் எடுத்தால், குப்பைமேட்டுக்குப் பதிலாகச் சூரியனை அளந்துவிடுவீர்கள். ஒரே நாளில் எல்லா இடங்களுக்கும் போக முடியாது என்றால், போகும் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். நீரின் மின்கடத்தலை அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மட்டும் நம்ப வேண்டாம். குப்பைச் சாறு மட்டுமல்ல, கோடையில் நீர் வற்றுவதும் அதைக் கூட்டும். அம்மோனியாவும் குப்பையிலிருந்து மட்டும் வருவதில்லை. கழிவுநீரிலும் உண்டு. ஆகவே முதல் வேலையாக, சதுப்புக்குள் வாய்க்கால்களும் குழாய்களும் வந்து சேரும் இடங்களை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். மாதிரி எடுக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் குப்பைமேட்டிலிருந்து எவ்வளவு தூரம், கிட்டத்து வாய்க்காலிலிருந்து எவ்வளவு தூரம் என இரண்டையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகவே கூடிக் குறையும்படி இடங்கள் அமைந்துவிட்டால் இரண்டின் விளைவையும் எந்தப் புள்ளியியலும் பிரித்துத் தராது. இடங்களை அதற்குத் தக்கபடி முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிச்சயம் கேட்பார்கள். குப்பைமேட்டின் ஓரத்தில் முப்பது மாதிரி எடுத்தாலும் குப்பைமேடு ஒன்றுதான். ஒரே இடத்தின் பல மாதிரிகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணிவிடும் இந்தப் பிழையை ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-லேயே விரிவாக எழுதிவிட்டார். சூழலியலில் இன்றும் அது ஓயவில்லை. உங்கள் முடிவை 'பெருங்குடி மேட்டையொட்டிய நீரில்' என்று எழுதினால் அது சரி. 'குப்பைக் கிடங்குகள் ஈரநிலங்களை' என்று எழுதத் தொடங்கினால் உங்களிடம் அதற்குத் தரவு இல்லை. குப்பைமேட்டில் பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டித் தரம் பிரித்து அகற்றும் வேலை) தொடங்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேட்டின் விளிம்பே நகரக்கூடும். முதல் நாளே விளிம்பை ஜி.பி.எஸ்.ஸில் பதிவு செய்து வைப்பது நல்லது.

'முன்பு எப்படி இருந்தது' என்ற அத்தியாயம் எழுத ஆசை இருக்கும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972-லிருந்து இருக்கின்றன, இலவசம். நீர்ப்பரப்பு சுருங்கியதை அதில் காட்டலாம். எந்த மாதத்துப் படம் என்று பார்த்து எடுங்கள். ஜனவரிப் படத்தையும் ஜூன் படத்தையும் பக்கத்தில் வைத்தால் பாதிச் சதுப்பு மாயமாக மறையும். ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், பறவை ஆர்வலர்கள் தாங்கள் பார்த்த பறவைகளைப் பட்டியலாக இடும் ஈபேர்ட் இணையத்தளத்தின் பதிவுகளும் உதவும். ஆனால் ஈபேர்டில் பதிவிடுவோர் ஆண்டுக்காண்டு கூடியிருக்கிறார்கள். பலரும் ரேடியல் சாலையோரம் நின்றுதான் பார்க்கிறார்கள். இனங்கள் கூடியதாகத் தெரிந்தால், கண்கள் கூடியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒரு பட்டியலுக்கு எத்தனை இனம் என்று கணக்கிட்டால் இது ஓரளவு சரியாகும்.

சாலையில் அடிபடும் உயிரினங்களை எண்ணலாமா என்று யோசித்திருந்தால், விட்டுவிடுங்கள். அந்தச் சாலையில் வண்டிகள் போகும் வேகத்தில் இரவில் ஓரமாக நடப்பதும் ஆபத்து.

கடைசியாக அனுமதி. சதுப்பின் ஒரு பகுதி 2007 முதல் காப்புக்காடு. உள்ளே போவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். உயிரினத்தைப் பிடிப்பதும் மாதிரி எடுத்து வருவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனியாகப் பார்க்கப்படும். தோற்கூட்டை எடுத்து வராமல், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படமெடுத்து எண்ணினால் விண்ணப்பம் எளிதாகும். வலையும் வேண்டாம். விண்ணப்பம் கல்லூரி வழியாக, கைடின் கையெழுத்தோடு போகட்டும். மாதிரி இடங்களின் வரைபடம், தேதிகள், என்ன அளக்கப் போகிறீர்கள் என்பது ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பதில் வர நாளாகும், இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். அனுமதி தாமதமானால் பொதுச் சாலையிலிருந்தும் கரையிலிருந்தும் பார்க்கக்கூடிய ஆகாயத்தாமரைக் கேள்வியைக் கையில் வைத்திருங்கள். டிசம்பரில் பறவைகள் வந்திருக்கும், அதை உடனே தொடங்கலாம்.