கவிழ்த்துப் பெருக்கு, சரி... ஏன்?

வணக்கம் சேர். நான் தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்து ஸ்கூல்ல மெத்ஸ் படிப்பிக்கிறேன். விளங்க வச்சுதான் கணக்கு படிச்சுக்குடுக்கணும்னு போன மாசம் எழுதியிருந்தீங்க. வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓ.எல் பரீட்சை நெருங்குது, சிலபஸ் முடியல. பாஸ் பேப்பர் (பழைய வினாத்தாள்) செய்ய வச்சா எப்படியாவது எஸ், அதாவது சாதாரண சித்தி, எடுத்துருவாங்க. பின்னத்தால வகுக்க ரெண்டாவது பின்னத்தை கவிழ்த்துப் பெருக்குன்னு சொன்னா பெருக்கிட்டுப் போறாங்க, ஏன்னு விளக்கப் போனா இருக்கிற பாடவேளையும் போயிரும். இதெல்லாம் வசதியான ஸ்கூலுக்குத்தானே சேர்?

- ஒரு ஆசிரியை

வணக்கம் டீச்சர்.

11ஆம் ஆண்டுக்கு இப்ப பாஸ் பேப்பர் செய்ய வைங்க, அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. ஆனா நேரம் போயிரும்னு சொல்றீங்களே, அதைத்தான் என்னால ஒத்துக்க முடியல. கவிழ்த்துப் பெருக்குன்னு கீழ் வகுப்புல சொன்னதை அடுத்த வருஷம் திரும்ப சொல்றோம், அதுக்கடுத்த வருஷமும் சொல்றோம், கடைசியில ஓ.எல் கிளாஸ்ல ஒரு புள்ள முதல் பின்னத்தை கவிழ்க்குது, இன்னொண்ணு கூட்டல் கணக்குலயும் கவிழ்த்து வைக்குது. அந்த நேரத்தையெல்லாம் யாரு கணக்கு பாத்தா?

மூணு லீட்டர் பால் இருக்கு, அரை லீட்டர் போத்தல்ல ஊத்தினா எத்தன போத்தல்னு கேளுங்க. நீங்க கேட்டு முடிக்க முன்னமே புள்ள ஆறுன்னு சொல்லிரும். கால் லீட்டர் போத்தல்னா? பன்னிரண்டு. இப்ப முக்கால் லீட்டர் போத்தல். கொஞ்சம் முழிக்கும், விடுங்க, அவசரப்பட்டு சொல்லிக்குடுத்துறாதீங்க. மூணு லீட்டர்ல பன்னிரண்டு கால் இருக்குன்னு இப்பதானே சொல்லிச்சு, ஒரு முக்காலுக்கு மூணு கால் வேணும், அப்ப நாலு போத்தல். அது என்ன செஞ்சிச்சு பாருங்க, 3ஐ நாலால பெருக்கிச்சு, பிறகு மூணால வகுத்துச்சு. ¾ஐ கவிழ்த்துப் பெருக்கினதும் அதேதான். பதினஞ்சு நிமிஷ வேலை.

வசதிக்கு வாறேன். லிப்பிங் மான்னு கணக்குக் கல்வி ஆய்வாளர் ஒருத்தவங்க அமெரிக்காவுல 23 டீச்சர்மார், சீனாவுல 72 டீச்சர்மார்கிட்ட 1¾ ÷ ½க்கு ஒரு கதைக் கணக்கு சொல்லுங்கன்னு கேட்டிருந்தாங்க, 1999ல அது புத்தகமா வந்துச்சு. அமெரிக்காவுல சரியான கதை சொன்னது ஒரே ஒருத்தர். நிறைய பேர் ரெண்டு பேருக்கு சமமா பிரிக்கிற கதை சொன்னாங்க, அது ½ஆல வகுக்கிறது இல்ல, 2ஆல வகுக்கிறது. சீனாவுல 65 பேர் சரியா சொல்லிட்டாங்க. இதுல பட்டம் படிச்சவங்க அமெரிக்கக்காரங்க, அந்த சீன டீச்சர்மார் ஒன்பதாம் வகுப்போட ரெண்டு மூணு வருஷம் பயிற்சி எடுத்து வந்தவங்க. அப்ப இது கட்டடம், ஸ்மார்ட் போர்ட் சமாச்சாரம் இல்லீங்க.

நம்ம பக்கத்துல பாடத்துக்கு சாமானா பஞ்சம்? படித்திறன் (சாய்வு) படிப்பிக்க கிராஃப் தாளோட நிக்கிறோம், பதுளைக்கு கிட்ட தெமோதரயில ரயில் பாதை சுத்தி வந்து ஸ்டேஷனுக்கு அடியிலயே சுரங்கத்துக்குள்ள போகுது. ஏன் சுத்துது? மலைநாட்டு லைன்ல 44 அடிக்கு ஒரு அடிக்கு மேல ஏத்தம் வைக்கக்கூடாது, செங்குத்தா இறக்க முடியாது, அதனால ரயில் பாதையை நீட்டினாங்க. வளையம் கிட்டத்தட்ட 900 மீட்டர், 44ஆல வகுத்தா 20 மீட்டர் அளவு உயரம். பதுளை போற புள்ளைங்க அதைப் பாத்திருக்கும், ஆனா அது கணக்குன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டோம். (சுற்றுலாக்காரங்க மட்டும் ஜன்னல்ல தொங்கி ஃபோட்டோ எடுத்துட்டு போறாங்க.)

எல்லா பாடத்தையும் இப்படி செய்ய முடியாதுதான். சிலதை செஞ்சு செஞ்சுதான் கைக்கு வரணும், வாய்ப்பாடு தெரியாத புள்ளைக்கு மேல சொன்ன பால் கணக்கும் ஓடாது. நீங்க 8ஆம் ஆண்டுக்கும் போறதா இருந்தா பின்னத்துல இருந்து தொடங்குங்க, 1¾ ÷ ½க்கு புள்ளைங்களையே ஆளுக்கு ஒரு கதை எழுத சொல்லுங்க. வாற கதையை எனக்கு அனுப்புங்க டீச்சர், பிழையானதையும் சேர்த்து.