கேஎல்ல (கோலாலம்பூர்ல) கண்ணாடி: ஆன்லைன்ல போடலாமா, கடையில வாங்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, மதுரையிலேர்ந்து வந்து மூணு மாசம் ஆச்சு, கண்ணாடி கால் உடைஞ்சிடுச்சு, மால்ல கேட்டா 680 ரிங்கிட் சொல்றாங்க, ஆன்லைன்ல 90-க்கே கிடைக்குது, அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம் முன்ன எழுதிக் கொடுத்த சீட்ட வச்சு ஆர்டர் போட்டுடலாமா, ஊர்லேர்ந்து வர்ற அம்மாவுக்கும் ஒரு ப்ராக்ரஸிவ் (தூரத்துக்கும் படிக்குறதுக்கும் ஒரே லென்ஸ்) போட்டுடலாமான்னு கேட்டிருந்தீங்க. உங்க பவரு மைனஸ் நாலரை, கொஞ்சம் சிலிண்டரும் (அஸ்டிக்மாடிஸத்துக்குப் போடுற பவர்) இருக்குன்னு சொன்னீங்க. நான் கேஎல் வந்து 16 வருஷம் ஆகுது, எனக்கு மைனஸ் அஞ்சு, ரெண்டு வழியிலயும் வாங்கிப் பாத்துட்டேன். இந்த முதல் ஜோடிய மட்டும் ஆன்லைன்ல போடாதீங்க.

ஏன்னு சொல்றேன். நானும் ஒரு தடவ போட்டேன், ஃப்ரேம் நல்லா இருந்துச்சு, பவரும் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா சாயங்காலம் கேஎல் சென்ட்ரல்ல எல்ஆர்டி ரயிலுக்கு நிக்கும்போது போர்டுல எழுத்து ரெண்டா பிரியும், நெத்திப்பொட்டு ரெண்டு பக்கமும் தெறிக்கும், புதுக் கண்ணாடி அப்படித்தான் பழகிடும்னு பத்து நாளு ஓட்டினேன். அப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல எங்க வீட்டுப் பக்கத்துக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன், சீன அங்கிள் ஒருத்தர் வச்சிருக்காரு. கண்ணாடிய லென்ஸ் மீட்டர்ல, அதாவது லென்ஸோட பவரையும் நடுப்புள்ளியையும் பாக்குற மெஷின்ல வச்சு ஒவ்வொரு லென்ஸ்லயும் மையால ஒரு புள்ளி வச்சாரு, ரெண்டு புள்ளிக்கும் நடுவுல ஸ்கேல வச்சா 64 மில்லிமீட்டர். அதே ஸ்கேல என் மூக்கு மேல வச்சு கண்ணு பாப்பாவுக்கும் கண்ணு பாப்பாவுக்கும் உள்ள தூரத்த அளந்தாரு, 57. இதத்தான் பிடி (PD, pupillary distance)ன்னு சொல்றது. ஆர்டர் போடும்போது அந்தக் கட்டத்த நான் தெரியாம காலியா விட்டிருந்தேன், அவங்க பொதுவா ஒரு அளவு போட்டு செஞ்சு அனுப்பிட்டாங்க, ஒரு வார்த்த திருப்பிக் கேக்கல.

லென்ஸோட நடுப்புள்ளி வழியாத்தான் கண்ணு பாக்கணும், அது தள்ளிப் போனா லென்ஸு ப்ரிஸம் மாதிரி வெளிச்சத்த ஒரு பக்கமா வளைச்சு விடும், ரெண்டு கண்ணும் நாள் முழுக்க இழுத்துப் புடிச்சு ஒண்ணா சேக்கப் பாக்கும். எத்தன சென்டிமீட்டர் தள்ளியிருக்கோ அத பவரால பெருக்குங்க, எனக்கு 64-க்கும் 57-க்கும் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம், 0.7 பெருக்கல் அஞ்சு, மூணரை ப்ரிஸம் வந்துடுச்சு. மைனஸ் ஒண்ணு போடுறவருக்கு அதே தப்பு வெறும் 0.7 தான், பெரும்பாலும் அவருக்குத் தெரியக்கூட தெரியாது. அதனால உங்க ரூம்மேட் நான் ஆன்லைன்லதான் வாங்குறேன் ஒண்ணும் ஆகலைன்னு சொன்னா, அவரு பவர் என்னன்னு முதல்ல கேளுங்க.

அதுக்காக மால்ல 680 கொடுக்கணும்னு நான் சொல்லல தம்பி. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் மாதிரி இடத்துல குடியிருப்புக்குக் கீழ இருக்குற சின்னக் கடைங்களுக்குப் போங்க, நான் போன வருஷம் 1.67 லென்ஸ் (இந்த நம்பர்தான் இண்டெக்ஸ், கூடக் கூட லென்ஸ் மெல்லிசாகும்), கோட்டிங், ஃப்ரேம் எல்லாம் சேத்து 320-க்கு போட்டேன். ஃப்ரேம் எவ்வளவு லென்ஸ் எவ்வளவுன்னு தனித்தனியா கேளுங்க, கேட்டாலே விலை இறங்கும். உங்க பவருக்கு 1.60 போதும், மெல்லிசா வேணும்னா 1.67, அதுக்கு மேல 1.74-ன்னு சொன்னா வேணாம்னுடுங்க. லென்ஸ் வட்டம் சின்னதா இருக்குற ஃப்ரேமா எடுத்தா ஓரம் தானா மெல்லிசாயிடும், காசு குடுத்து இண்டெக்ஸ் ஏத்துறத விட அது நல்ல வழி. ப்ளூ லைட் கோட்டிங்னு நூறு ரிங்கிட் கூட கேப்பாங்க. 2023-ல மருத்துவ ஆய்வுகளச் சேத்து அலசுற காக்ரேன் அமைப்புக்காரங்க 17 ஆய்வுகளச் சேத்துப் பாத்து, கம்ப்யூட்டர்ல வர்ற கண் சோர்வு அதால குறையுறதா தெரியலைன்னுதான் சொன்னாங்க, அந்தக் காச மிச்சம் புடிங்க.

கடையில உங்களுக்கு 450-ன்னு சொன்னா பயந்துடாதீங்க, இங்க மைனஸ் நாலரைய 450 டிகிரின்னுதான் சொல்லுவாங்க. சிலிண்டர மலாய்ல சிலாவ்ம்பாங்க. அந்த ரெண்டு வருஷ சீட்ட நம்பாம புதுசா செக் பண்ணுங்க, நாள் பூரா ஸ்க்ரீன் பாத்துட்டு களைச்சுப் போய் ராத்திரி எட்டு மணிக்குப் போகாம சனிக்கிழமை காலையில போங்க. இங்க 1991 ஆப்டிகல் சட்டப்படி பதிவு செஞ்ச ஆளுதான் கண்ணு பாக்கணும், சர்டிபிகேட் மாட்டியிருக்கான்னு ஒரு பார்வ பாத்துக்குங்க. முக்கியமா, பிடி அளவையும் சீட்டுல எழுதிக் குடுங்கன்னு டெஸ்டுக்கு உக்காருறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, பல பேரு தானா எழுத மாட்டாங்க. ரசீத வாங்கி வச்சுக்குங்க, நிறைய கம்பெனியில வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஆப்டிகல் கிளெய்ம் இருக்கு, உங்க ஹெச்ஆர்கிட்ட இன்னைக்கே கேளுங்க, என் முதல் மூணு வருஷக் காசு கேக்காததால போயிடுச்சு, இப்பவும் அது மனசுல இருக்கு.

அந்தப் புதுச் சீட்டு கையில வந்தப்புறம் ரெண்டாவது ஜோடிய தாராளமா ஆன்லைன்ல போடுங்க, நானே அப்படித்தான் ஒண்ணு வச்சிருக்கேன். கண்ணாடி கால் உள்பக்கம் 50-20-145 மாதிரி மூணு நம்பர் இருக்கும், லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கால் நீளம், முகத்துக்குப் பொருந்துற ஃப்ரேமோட நம்பரையே தேடுங்க. வெளிநாட்டுலேர்ந்து வர்ற 500 ரிங்கிட்டுக்கு உள்பட்ட ஆன்லைன் சாமானுக்கு 2024 ஜனவரியிலேர்ந்து 10 சதவீதம் வரி இருக்கு, ஷிப்பிங்கையும் சேத்துக் கூட்டிப் பாத்தா அந்த 90 அப்படியே நிக்காது. வந்தவுடனே கடையில ஒரு தடவ லென்ஸ் மீட்டர்ல வச்சுப் பாக்கச் சொல்லுங்க, வழக்கமா போற கடைன்னா சும்மாவே பாத்துக் குடுப்பாங்க, மூக்குப் பட்டை பச்சை புடிச்சா அதையும் மாத்தித் தருவாங்க, இந்த ஊரு வேர்வைக்கு அது சீக்கிரமே புடிக்கும்.

அம்மாவுக்கு ப்ராக்ரஸிவ் ஆன்லைன்ல வேணவே வேணாம். அவங்க போடப்போற ஃப்ரேம அவங்க முகத்துலயே மாட்டி, கண்ணு பாப்பா லென்ஸ்ல எந்த உயரத்துல வருதுன்னு குறிச்சுத்தான் அத செய்யணும், அது ரெண்டு மில்லிமீட்டர் தப்புனா படிக்குறதுக்கு கழுத்தத் தூக்கணும், இல்ல படி இறங்கும்போது தடுமாறணும், அந்த வயசுல விழுந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சுகர் இருக்குன்னா ஏறி இறங்குற நேரத்துல டெஸ்ட் எடுக்காதீங்க, பவரே மாறிக் காட்டும். வர்றதுக்கு முன்னாடி மதுரையிலயே நேர்ல காட்டி போட்டுட்டு வரச் சொல்லுங்க, செலவும் கம்மி, பேசி புரிய வைக்கவும் சுலபம்.

உடைஞ்ச காலுக்கு சூப்பர் க்ளூ மட்டும் போட்டுடாதீங்க, அந்த ஆவி பட்டு லென்ஸ் வெள்ளையா பூத்துடும். சனிக்கிழமை வரைக்கும் செல்லோடேப் சுத்திக்குங்க, கடையில பழைய கால் ஏதாவது பொருந்துனா தற்காலிகமா மாட்டிக் குடுப்பாங்க, புது லென்ஸ் வர்ற வரைக்கும் அது தாங்கும்.