ஆதன் என்றால் மூடனா?

கேள்வி: எங்கள் பையனுக்குப் பத்து மாதம் ஆகிறது. கீழடிப் பானை ஓட்டில் இருந்த பெயர் என்று படித்துவிட்டு நானும் கணவரும் 'ஆதன்' என்று முடிவு செய்தோம், வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறோம். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, "ஆதன் என்றால் குருடன், அறிவில்லாதவன். போயும் போயும் இதையா என் பேரனுக்கு வைப்பீர்கள்?" என்கிறார். இணையத்தில் பார்த்தால் 'சூரியன்' என்று போட்டிருக்கிறது. நாத்தனார் எண் கணிதம் பார்த்து இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றைக் கூட்டச் சொல்கிறார். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை. என்ன செய்வது?
வாசகி, கரூர்

பதில்:

பெயரை மாற்றாதீர்கள். நல்ல பெயர், வாயில் நிற்கிற பெயர், பையனும் இந்நேரம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருப்பான். ஆனால் மாமனார் சொல்வதைத் தள்ளிவிடவும் வேண்டாம், ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அகராதியில் அந்தப் பொருள் இருக்கத்தான் செய்கிறது. பிற்காலத்தில் அறிவில்லாதவர்களை 'ஆதர்' என்று சொல்லும் வழக்கு உண்டு, அதன் ஒருமைதான் அவர் காட்டுகிற 'ஆதன்'. பிரச்சினை என்னவென்றால், அது வேறு, பெயராக வருகிற ஆதன் வேறு. எழுத்து ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாகக் கட்ட முடியாது.

முதலில் இணையத்துச் சூரியனை முடித்துவிடுகிறேன். அது ஆதவன். ஆதவனைக் கொண்டுவந்து ஆதன் தலையில் கட்டிவிட்டார்கள். குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்களுக்கு எந்தப் பெயரைப் பார்த்தாலும் சூரியன், வெற்றி, சிவன், அழகு என்ற நாலு பொருளுக்குள் ஒன்றைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஒருவர் போட்டதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுவார். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது மாமனாரிடம் வருவோம். தமிழாசிரியர் என்கிறீர்கள், அப்படியானால் சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்து அவர் பாடம் நடத்திய நூலாகவே இருக்கும். அந்தப் பத்துப் பத்துகளில் முதலும் கடைசியும் தொலைந்துபோய் எட்டுதான் நம் கையில் இருக்கிறது. அந்த எட்டில் மூன்று, பெயரில் ஆதன் உள்ள சேரர்களைப் பாடியவை: இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன். நெடுஞ்சேரலாதனின் அப்பா உதியஞ்சேரலாதன். அப்பன், பிள்ளை, பேரன் என்று வரிசையாக ஒரு ராஜ குடும்பம் தன் பிள்ளைகளுக்கு 'மூடன்' என்று பெயர் வைத்துக்கொண்டு போயிருக்குமா? இதை அவரிடம் கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரி.

இதில் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அவர் ஏறக்குறைய உங்கள் ஊர்க்காரர். வேலாயுதம்பாளையத்தில் புகழிமலை முருகன் கோயிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அதே மலையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன, பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்தில் கல்வெட்டு. யாற்றூர் செங்காயபன் என்ற துறவி தங்குவதற்காக, 'கோ ஆதன் செல்லிரும்பொறை' மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசனானபோது வெட்டிக் கொடுத்த கல் என்று அதில் இருக்கிறது. தாத்தா, மகன், பேரன் மூன்று பேரும் ஒரே வரியில். அந்தத் தாத்தா 'கோ ஆதன்' நம் வாழியாதன்தான் என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். கோ என்றால் அரசன். பேரன் இளவரசனாகும் நாளில் தாத்தா பெயரைக் கல்லில் வெட்டுகிறவன் 'அரசன் மூடன்' என்றா வெட்டுவான்?

இந்த வாழியாதனைத்தான் கபிலர் பாடினார். ஒருநாள் அவர் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'உங்கள் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே' என்று வியந்தாராம். அதற்குக் கபிலர் சொன்ன பதில்தான் புறநானூற்றின் 14-ஆவது பாட்டு. யானையை அடக்கி, குதிரையை இழுத்துப் பிடித்து, வில்லை வளைத்து உன் கை உரமேறிவிட்டது, உன்னைப் பாடுகிறவர்களுக்கோ கறியும் சோறும் தின்று வருந்துவதைத் தவிர வேறு வேலை தெரியாது, அதனால்தான் எங்கள் கை மென்மை என்கிறார். பையன் கொஞ்சம் வளர்ந்ததும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். உன் பெயருக்கு அர்த்தம் என்ன என்று யாராவது கேட்டால் அவன் சொல்ல இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

உண்மையான அர்த்தம்தான் என்ன என்று நீங்கள் விடமாட்டீர்கள். ஆன்மா என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன, 'ஆ' என்பது பசு, அதிலிருந்து வந்தது என்று விளக்குகிறவர்களும் உண்டு. சங்கப் பாட்டில் பெயர் மட்டும் வருகிறது, அதற்கு உரை யாரும் சொல்லிவைக்கவில்லை. சாத்தன், கொற்றன், கீரன், பூதன், ஆதன் எல்லாம் அந்தக் காலத்து வழக்கமான ஆண் பெயர்கள், இன்றைக்கு நாம் முருகன், குமார் என்று வைப்பது போல. யாரும் அகராதி பார்த்து வைத்தவை அல்ல. என்னைக் கேட்டால் பெயருக்குப் பொருள் தேடுகிற இந்த மும்முரமே கொஞ்சம் அதிகப்படி.

ராஜாக்களுக்கு மட்டும்தான் இந்தப் பெயரா என்றால் அதுவும் இல்லை. வேங்கட மலைப் பக்கத்துத் தலைவன் ஆதனுங்கன், வாட்டாற்று எழினியாதன், குண்டுகட் பாலியாதனார் என்ற புலவர், திரிகடுகம் எழுதிய நல்லாதனார் என்று பல தரப்பிலும் இருக்கிறார்கள். நல்லாதனார் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்கள் மாமனார் கணக்குப்படி அவர் 'நல்ல மூடன்' ஆகிவிடுவார். நீதி நூல் எழுதியவருக்கு வந்த சோதனை! அப்புறம் நீங்கள் சொன்ன கீழடி. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், பானை ஓடுகளில் கீறியிருந்த பெயர்களில் குவிரன், ஆதன் இரண்டும் வருகின்றன. அந்த ஊரின் காலத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை அறிக்கை கொண்டுபோகிறது. பானையில் பெயர் கீறி வைத்தவர் அரசராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, தன் பானை அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று நினைத்த ஒரு சாதாரண வீட்டுக்காரராகவே இருக்கலாம்.

மாமனாருக்கு நிச்சயம் பிடிக்கப்போகிற ஒன்றை வைத்திருக்கிறேன். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், புள்ளி மயங்கியலில், 'ஆதனும் பூதனும்' என்றே தொடங்கும் நூற்பா உண்டு. ஒரு பெயருக்குப் பின்னால் 'தந்தை' என்ற சொல் வந்து சேர்ந்தால் எப்படிச் சுருங்கும் என்பதற்கான விதி. ஆதன் தந்தை 'ஆந்தை' ஆகும், பூதன் தந்தை 'பூந்தை' ஆகும். இலக்கணத்தில் தனி நூற்பா போட்டுச் சொல்லும் அளவுக்கு அன்றைக்கு ஊரெல்லாம் ஆதன்கள் இருந்திருக்கிறார்கள். கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்த பிசிராந்தையார், பிசிர் என்ற ஊரின் ஆந்தையார், அவ்வளவுதான், பறவைக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. எழுத்து ஒன்றாக இருந்தும் சொல் வேறாக இருக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்தக் கணக்கில் உங்கள் கணவர் இனிமேல் ஆந்தை. அதை அவரிடம் எப்போது சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அவ்வளவு பரவலாக இருந்த பெயர் ஏன் அரிதாகிப் போனது என்றும் யோசித்திருப்பீர்கள். கடவுள் பெயர்களும் வடமொழிப் பெயர்களும் பெருகியபோது சாத்தன், கொற்றன், ஆதன் எல்லாம் ஒதுங்கிவிட்டன. 1916-இல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய பிறகு பழைய பெயர்கள் திரும்பி வந்தன. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்த அலையில் செழியன், மாறன், வளவன், பாரி, இளங்கோ எல்லாம் வீட்டுக்கு வீடு வந்தன, ஆதன் மட்டும் ஏனோ பெரிதாகக் கரையேறவில்லை. ஒருவேளை உங்கள் மாமனார் மாதிரி அகராதி பார்த்தவர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள். கீழடிக்குப் பிறகுதான் பேச்சில் மறுபடி அடிபடுகிறது. தவிர இப்போது எல்லாருக்கும் சின்னதாக, 'ஆ'வில் தொடங்குகிற பெயர் வேண்டும். ஆதவ், ஆரவ், ஆத்விக் நடுவில் ஆதன் தனியாகவும் தெரியமாட்டான், அவர்களோடு குழம்பவும் மாட்டான்.

சரி, இங்கிலீஷ் எழுத்து. இதில்தான் நீங்கள் உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டும். ATHAN என்று எழுதினால் 'அத்தான்' என்று வாசிப்பார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து டீச்சர் 'அத்தான்' என்று கூப்பிட்டால் வகுப்பு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் இரண்டு A போட்டு, அப்புறம் இந்தப் பக்கம் வழக்கமாக எழுதும் TH-க்குப் பதில், 'ஆதவன்', 'ஆதி' என்று எழுதும்போது போடுகிற DH போட்டு, AADHAN என்று எழுதுங்கள். AADHAVAN-இல் நடுவே உள்ள VA-வை எடுத்துவிட்டால் ஆதன், அவ்வளவுதான். ஆதார் அட்டையோடு சேர்த்து நண்பர்கள் கொஞ்சம் கிண்டல் செய்வார்கள், அது பரவாயில்லை. எண் கணிதத்துக்காகக் கடைசியில் இன்னொரு எழுத்து கூட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை, ஆனால் பள்ளியில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி பெயர் இருந்தால் பின்னால் அலையப்போவது பையன்தான். நாத்தனார் கேட்டால் அவர் கையால் ஒரு செல்லப் பெயர் வைக்கச் சொல்லுங்கள், அதில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளட்டும்.

ஒன்றைத் தள்ளிப் போடாதீர்கள். பிறப்பைப் பதிவு செய்து ஒரு வருடத்துக்குள் என்றால் குழந்தையின் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துவிடலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏற்றிவிட்டால் அந்தப் பெயரை இன்னொரு பெயராக மாற்றுவது லேசில் நடக்காது, வளர்ந்தபின் அரசிதழ் வரைக்கும் போக வேண்டியிருக்கும். அதனால் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள், 'ஆதவன்' என்று தட்டச்சு செய்துவிடுவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. போகிற அன்று மாமனாரையும் கூட அழைத்துப் போனால் எழுத்துப் பிழை பார்க்க அவரைவிடச் சரியான ஆள் கிடைக்கமாட்டார்.