அறுவைத் தையல்மேல் போட்ட கட்டு நனைந்தால் சீழ்தானா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் உண்டு. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்து எட்டு நாள் ஆகிறது. தையல்மேல் போட்ட கட்டுத்துணியில் மஞ்சளாக நீர் படிகிறது. தினமும் கட்டு மாற்ற வேண்டுமா? முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்கிறார்களே?

பதில்: கசியும் நீர் தெளிவாக, லேசான மஞ்சளில், வாடையில்லாமல், நாளுக்கு நாள் குறைந்து வந்தால் பெரும்பாலும் பயமில்லை. கலங்கிக் கெட்டியாகவோ நாற்றத்துடனோ வந்தால் சீழ் என்று சந்தேகப்பட வேண்டும்.

நான் அதைவிட அஞ்சுவது இன்னொன்றை. இந்த இரண்டாம் வாரத்தையொட்டி, இறைச்சி கழுவிய தண்ணீர் போல இளஞ்சிவப்பு நீர் திடீரெனக் கொட்டிக் கட்டு முழுக்க நனைந்தால், உள்தையல் விட்டிருக்கலாம். மேல்தோல் ஒட்டியே இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அப்போது சுத்தமான துணியால் மூடி, சாப்பிட எதுவும் கொடுக்காமல், படுத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தையல் போட்ட தோல் சுமார் 48 மணி நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் கட்டின் வேலை கசிவை உறிஞ்சுவதும், துணி உரசாமல் காப்பதும்தான். காய்ந்திருந்தால் தினமும் பிரிக்கத் தேவையில்லை. நனைந்தால் உடனே மாற்றுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, காஸ் துணியை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) விட்டு நனைத்து எடுங்கள். அடிவயிற்றில் குறுக்குத் தையல் என்றால் தொப்பை மடிப்பு அதன்மேல் விழும், வியர்வை தேங்கும். அங்கே ஒற்றியெடுத்து உலர்வாக வையுங்கள். பாவாடை நாடா தையல்மேல் இறுகக் கூடாது. கொஞ்ச நாளைக்கு நைட்டியே நல்லது. கசிவு இருக்கும்வரை உடம்பைத் துடைத்துவிட்டால் போதும். எப்போது தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஆன்டிபயாட்டிக் பவுடர் எதுவும் வேண்டாம். பவுடர் கசிவோடு சேர்ந்து பொருக்காகி, அடியில் நடப்பதை மறைத்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள்.

முட்டையும் மீனும் தாராளமாகக் கொடுக்கலாம். புரதம் இல்லாமல் புண் ஆறாது. கஞ்சியும் ரசமுமாகப் பத்தியம் இருப்பதுதான் கெடுதல். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். உணவைவிட ரத்தச் சர்க்கரைதான் என் கவலை. அது ஏறினால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும். 180-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மாத்திரை அளவையோ இன்சுலினையோ மாற்ற வேண்டியிருக்கும்.

தையலைச் சுற்றிய சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, வலி குறையாமல் கூடினாலோ அன்றே போக வேண்டும். தையல் பிரித்த பிறகும் 30 நாள்வரை தொற்று தலைகாட்டலாம்.

சர்க்கரையும் கசிவும் சேர்ந்திருப்பதால், இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக்கே காட்டிவிடுங்கள். கழற்றிய கட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். நிறத்தைச் சொல்வதைவிடக் காட்டுவது மருத்துவருக்கு உதவும்.